சுமதிக்கு, அந்த டப்பாவைப் பத்தியும் சுருக்கத்தைப் பத்தியும்

அன்புள்ள சுமதி,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, உடனே பதில் போடலன்னு கோவிச்சுக்காத. நடுவுல அம்மாவுக்கு உடம்பு முடியாம போயிடுச்சு, ராத்திரி பகல்னு இல்லாம பக்கத்துலயே இருக்க வேண்டியதாப் போச்சு. இப்ப பரவாயில்லடி, எழுந்து உக்காந்து சாப்பிடுறாங்க, லைட்ட அணைன்னு என்னை அதட்டுறாங்க, அந்தக் குரலைக் கேட்டப்புறம்தான் எனக்கு உசுரே வந்துச்சு. உன் பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம், வர முடியலையேங்கிற வருத்தம் மட்டும் இன்னும் போகல.

ஆல்பத்தைப் பாத்துட்டு "இது யாரு இந்தக் கிழவின்னு ஒரு நிமிஷம் எனக்கே தெரியல"ன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சு. அதை விட அதுக்கு அடுத்த வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யாரோ ஒரு டப்பா க்ரீம் குடுத்தாங்க, பேரு கூட ஒழுங்கா இல்ல, பத்தே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு, சுருக்கம் கூட கொறைஞ்ச மாதிரி இருக்குன்னு எழுதியிருக்க. சுமதி, பத்து நாள்ல சுருக்கத்தைக் கொறைக்கிற க்ரீம்னு உலகத்துல எதுவும் கெடையாதுடி. இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல.

நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் அதே மாதிரி ஒரு டப்பா கெடைச்சுது. தெரிஞ்சவங்க குடுத்தாங்க, நம்பித் தேச்சேன். மொத மாசம் எல்லாரும் என்ன போடுற என்ன போடுறன்னு கேட்டாங்க, அவ்வளவு வழவழன்னு இருந்துச்சு. ஆறு மாசத்துல கன்னத்துல சிவப்பு சிவப்பா நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிச்சுது, வெயில்ல போனா மிளகாப்பொடி பூசின மாதிரி எரிச்சல், மோவாயில முடி, பருவே வராத வயசுல பரு. பயந்து போய் ஒரு நாள் நிறுத்தினேன், அவ்வளவுதான், முகமே பத்தி எரிஞ்சுது. அப்புறம்தான் ஸ்கின் டாக்டர்கிட்ட போனேன். அவங்க முகத்தைப் பாத்ததுமே ஸ்டீராய்டு க்ரீமான்னு கேட்டாங்க. தோலுக்கு அடியில கொலாஜன்னு ஒரு புரதம் வலை மாதிரி பின்னி நின்னு தோலைத் தாங்கிப் பிடிச்சுட்டு இருக்காம், ஸ்டீராய்டை நாளைக்கு நாள் தேச்சா அதை உண்டாக்குற செல்லுங்க வேலை செய்யாம சோர்ந்து போயிடுமாம், தோல் மெலிஞ்சு போயிடுமாம். அதாவது சுருக்கம் போகணும்னு எதைத் தேச்சேனோ அதுவே சுருக்கம் விழறதுக்கு வழி பண்ணிட்டு இருந்திருக்கு. சரியாகி வர எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தச் சிவப்பு நூலுங்க கொஞ்சம் இன்னும் இருக்கு.

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தை உக்காந்து படிச்சேன், டாக்டரையும் கேள்வி கேட்டுக் கேட்டு ஒரு வழி பண்ணிட்டேன்.

ஆனா படிச்சதை விட எனக்கு நல்லாப் புரிய வெச்சது அம்மாவோட உடம்புதான். போன மாசம் படுக்கையில வெச்சே ஈரத்துணியால தொடச்சு விட்டுட்டு இருந்தேன். முகம், கழுத்து, கையோட மேல்புறம் எல்லாம் கசக்கின காகிதம் மாதிரி கோடு கோடா இருக்கு, ஆனா முதுகையும் கையோட உள்பக்கத்தையும் தொட்டா, அவ்வளவு மெத்துன்னு, மெல்லிசா, கோடே இல்லாம இருக்கு. ஒரே மனுஷி, ஒரே 82 வயசு. நீயும் இப்பவே உன் மேல்கையோட உள்பக்கத்தைப் பாரு, அப்புறம் புறங்கையைப் பாரு, வயசு பண்ணது எவ்வளவு வெயில் பண்ணது எவ்வளவுன்னு உனக்கே தெரிஞ்சுடும்.

வெயில்ல தோலைக் கெடுக்குற புற ஊதாக் கதிர் ரெண்டு வகை இருக்குடி. யு.வி.பி.ங்கிறது தோலோட மேல்பக்கத்தைச் சுடும், சில மணி நேரத்துல தோல் சிவந்து எரியும், அதனால நமக்குத் தெரிஞ்சுடும். யு.வி.ஏ.ங்கிறது அப்படி இல்ல, சுடாது, உறைக்காது, சத்தமில்லாம ஆழமா இறங்கி அந்தக் கொலாஜனை அறுக்குற நொதிங்களைக் கிளப்பி விட்டுடும், தோல் ரப்பர் மாதிரி இழுத்தா திரும்பி வர்றதுக்குக் காரணமான எலாஸ்டினையும் கெடுத்துடும். மேகமா இருந்தாலும் வரும், கண்ணாடி வழியாவும் வரும். 2012ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ங்கிற மருத்துவப் பத்திரிகையில ஒரு போட்டோ போட்டிருந்தாங்க, 69 வயசு லாரி டிரைவர், 28 வருஷம் வண்டி ஓட்டினவரு. ஜன்னல் பக்கமா இருந்த இடது பாதி முகம் மட்டும் தடிச்சு, ஆழமா மடிப்பு மடிப்பா தொங்குது, வலது பாதி இன்னொரு ஆளோடது மாதிரி இருக்கு. அதைப் பாத்துட்டு நான் கண்ணாடி முன்னாடி போய் நின்னேன். ஆபீஸ்ல இருபது வருஷமா ஜன்னலுக்கு இடதுபக்கத்தைக் காட்டிதான் உக்காந்திருந்தேன், எனக்கும் இடது கன்னத்துலதான் கோடும் கரும்புள்ளியும் ஜாஸ்தி. அத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட எனக்குத் தோணல, ஒரு திரைச்சீலை போட்டிருந்தா போதுமே.

வெயில் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். இருபது வயசைத் தாண்டினப்புறம் வருஷத்துக்கு சுமார் 1 சதவீதம்னு கொலாஜன் கொறைஞ்சுட்டே வருமாம். நமக்கு, அதாவது பொம்பளைங்களுக்கு, மாதவிலக்கு நின்ன முதல் அஞ்சு வருஷத்துல கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடுதாம். அதனாலதான் "ரெண்டு மூணு வருஷத்துல திடீர்னு இப்படி ஆயிட்டேன்"னு உனக்குத் தோணுது, அது உன் பிரமை இல்ல, நிஜமாவே அப்படித்தான் நடக்குது. சிகரெட்டும் ரொம்ப மோசம், தோலுக்குப் போற ரத்தத்தையும் கொறைக்கும், கொலாஜனையும் அறுக்கும், உன் வீட்டுக்காரர் இன்னும் விடலன்னா இதையும் அவர்கிட்ட சொல்லு. நெத்தியைச் சுருக்குறது, சிரிக்கிறது இதுலெல்லாம் விழுற கோடு மொதல்ல முகம் அசையும்போது மட்டும்தான் தெரியும், தோல் பலம் கொறையக் கொறைய சும்மா இருக்கும்போதும் நின்னுடும். அதுக்காக சிரிக்காம இருக்காதடி, கண்ணோரத்துல விழுற அந்தக் கோடு உனக்கு அழகுதான்.

சரி, இப்ப என்ன பண்றதுன்னு கேப்ப. மொதல்ல சன்ஸ்கிரீன், அதான் வெயிலைத் தடுக்கிற க்ரீம். தினமும். இதைச் சொன்னா எல்லாரும் ஐயோ இவ்வளவுதானான்னு பாக்குறாங்க, ஆனா இதுக்குத்தான் உறுதியான ஆதாரம் இருக்கு. ஆஸ்திரேலியாவுல நாம்பூர்ங்கிற ஊர்ல 55 வயசுக்குக் கீழ இருந்த 903 பேரை வெச்சு நாலரை வருஷம் பாத்தாங்க, பாதிப்பேரை தினமும் பூசச் சொல்லி, மீதிப்பேரை உங்க இஷ்டம்னு விட்டுட்டாங்க. 2013ல முடிவு வந்துச்சு, தினமும் பூசினவங்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் கம்மி. அவங்கள்ல நிறைய பேர் நடுவயசுக்காரங்கதான், அதனால இனிமே பூசி என்ன ஆகப் போகுதுன்னு மட்டும் சொல்லாத.

பாக்கெட்டுல எஸ்.பி.எஃப். 30ன்னு (வெயிலை எவ்வளவு தடுக்கும்ங்கிற நம்பர்) போட்டிருந்தா போதும், அது யு.வி.பி.யில சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டா 98, அந்த ஒண்ணுக்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனா அந்த நம்பர் யு.வி.ஏ. பத்தி எதுவும் சொல்லாது, அதுக்கு பிராட் ஸ்பெக்ட்ரம்னோ பி.ஏ.ன்னு போட்டு பக்கத்துல ப்ளஸ் குறிங்களோ இருக்கான்னு பாத்து வாங்கு. எல்லாரும் தப்பு பண்றது அளவுலதான், பட்டாணி அளவு எடுத்து முகம் பூரா தடவுறாங்க. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நீளமா பிதுக்கினா எவ்வளவு வருமோ அவ்வளவு வேணும் முகத்துக்கும் கழுத்துக்கும். வெளியவே இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். புறங்கையை மறந்துடாத, நான் மறந்துட்டேன், இப்ப என் கைதான் என் வயசை மொதல்ல சொல்லுது. நம்ம மாதிரி கறுப்பு, மாநிறத் தோலுக்கு, நிறத்தைக் குடுக்குற மெலனின் கொஞ்சம் காவல் காக்குது, வெள்ளைத்தோல்காரங்களை விட நமக்குச் சுருக்கம் லேட்டாத்தான் விழும், ஆனா அதுக்கு பதிலா கருந்திட்டு சீக்கிரம் வந்துடும், அதனால நமக்கு இது தேவையில்லைங்கிறது தப்பு.

விழுந்த சுருக்கத்துக்கு க்ரீம்னா ட்ரெட்டினாயின் ஒண்ணுதான் நான் நம்புறது. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. பருவுக்குக் குடுத்துட்டு இருந்த மருந்துடி இது, ஆல்பர்ட் க்ளிக்மன்னு அமெரிக்க டாக்டர், கொஞ்சம் வயசான பேஷண்டுங்க "பருவோட சேர்ந்து கோடும் கொறைஞ்சிருக்கு"ன்னு சொன்னதைக் காதுல வாங்கிட்டு ஆராய்ச்சி பண்ணி 1986ல எழுதினாரு, 1995ல அங்க மெல்லிய சுருக்கத்துக்கு அனுமதியும் கெடைச்சுது. புதுசா கொலாஜன் உண்டாக வைக்கும். ஆனா பொறுமை வேணும், மூணுலேர்ந்து ஆறு மாசம் ஆகும் வித்தியாசம் தெரிய, மொத சில வாரம் தோல் உரியும், சிவக்கும், அப்ப பயந்து விட்டுடுறவங்கதான் அதிகம். நான் ராத்திரி மட்டும், வாரத்துக்கு ரெண்டு நாள், பட்டாணி அளவுன்னு ஆரம்பிச்சேன் (இதுக்குத்தான் பட்டாணி அளவு, சன்ஸ்கிரீனுக்கு இல்ல!), மேல மாய்ஸ்சரைசர். நானும் என் தோல் முழுசா தேறினப்புறம் டாக்டர் சொல்லித்தான் போட்டேன், நீயா வாங்கிப் போடாத. உன் பொண்ணு அதை எடுத்துத் தடவிடாமப் பாத்துக்கோ, கர்ப்பமா இருக்கறவங்களும் கொழந்தைக்கு முயற்சி பண்றவங்களும் இதைத் தொடக்கூடாது.

கொலாஜன் க்ரீம்னு விக்கிறாங்களே, அது தோலுக்குள்ள போகவே போகாது, அந்த மூலக்கூறு அவ்வளவு பெருசு, மேல நின்னு ஈரம் காக்கும், அவ்வளவுதான். அந்த வேலையைச் சாதாரண மாய்ஸ்சரைசரே செய்யும். காய்ஞ்ச தோல்ல தெரியுற மெல்லிசுக் கோடு மாய்ஸ்சரைசர் போட்ட உடனே மறையும், அது நிஜம்தான், ஆனா கழுவினா திரும்ப வந்துடும். வைட்டமின் சி சீரம் போடலாம், பாட்டில்ல பழுப்பு நிறமா மாறிடுச்சுன்னா தூக்கிப் போட்டுடு.

போடாக்ஸ் போட்டுக்கவான்னு கேட்டிருந்த. போட்டுக்கறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், உன் முகம் உன் இஷ்டம். கனடாவுல ஒரு கண் டாக்டரம்மா, ஜீன் கருதர்ஸ், கண் இமை துடிக்கிற நோய்க்கு இந்த ஊசியைப் போட்டுட்டு இருந்தப்ப புருவத்துக்கு நடுவுல கோடு மறையுறதைக் கவனிச்சாங்க, அவங்க வீட்டுக்காரர் ஸ்கின் டாக்டர், ரெண்டு பேரும் சேர்ந்து 1992ல அதைப் பத்தி எழுதினாங்க. நரம்புலேர்ந்து தசைக்குப் போற சேதியை அது தடுத்துடும், தசை சுருங்காது, கோடு விழாது. நெத்தி, புருவநடு, கண்ணோரம் இந்த இடங்களுக்கு நல்லா வேலை செய்யும், மூணு நாலு மாசம் நிக்கும், அப்புறம் திரும்பப் போடணும். வெயிலால தோல் முழுக்க விழுந்த நுண்கோட்டுக்கு அது பதில் இல்ல. ஃபில்லர்தான் எனக்குப் பயம், மூக்கோரத்துப் பள்ளத்தை நிரப்புறதுக்கு ஜெல் மாதிரி உள்ள ஏத்துவாங்க, தவறி ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா தோல் செத்துப் போகலாம், அரிதா கண்பார்வையே போயிருக்கு. முகத்தோட ரத்தக்குழாய் எங்க எங்க ஓடுதுன்னு தெரிஞ்ச, ஏதாவது ஆனா உடனே கரைக்கிற மருந்து கையில வெச்சிருக்கிற டாக்டர்கிட்ட மட்டும்தான் போகணும், பார்லர்ல ஆஃபர்னு கூப்பிட்டா போகாத. லேசரும் அப்படித்தான், நம்ம நிறத்துல அதோட சூடு கருந்திட்டை விட்டுட்டுப் போயிடலாம், நம்ம மாதிரி தோல்ல நிறைய செஞ்சு பழகினவங்களான்னு கேட்டுட்டு உக்காரு.

நீ இதுல எதையும் இப்பவே பண்ண வேண்டாம். மொதல்ல அந்த டப்பாவோட அடிப்பக்கம், பக்கவாட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் இப்படி ஏதாவது பேரு இருந்தா அது ஸ்டீராய்டு. எதுவுமே எழுதலன்னா இன்னும் மோசம், சில க்ரீம்ல பாதரசம் கூட இருக்கும். எவ்வளவு நாளா போடுற, ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னும் எழுது. டப்பாவைத் தூக்கிப் போட்டுடாத, இந்த வாரமே அதைக் கையில எடுத்துட்டு ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட போ, உடனே நிறுத்தலாமா கொஞ்சம் கொஞ்சமா விடணுமான்னு அவங்க சொல்லட்டும், நான் திடீர்னு நிறுத்திப் பட்ட பாடு உனக்கு வேண்டாம்.

அம்மா கூப்பிடுறாங்க, மாத்திரை நேரம். போட்டோவை இன்னைக்கே அனுப்பு, காத்துட்டிருப்பேன். ஆல்பத்துலேர்ந்து நீயும் பொண்ணும் சேர்ந்து நிக்கிற படம் ஒண்ணும் அதோட அனுப்புடி, அம்மாவும் பாக்கணும்னு சொல்றாங்க.

உன்
மல்லிகா