குடிநீர்ச் சோதனை அறிக்கையை எங்கள் தெருவிலும் ஒட்டுங்கள்

புதுச்சேரி நகரத்துக்குக் குடிநீர் வழங்கும் பொறுப்பில் இருக்கும் பொறியாளர்களுக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நகரின் வடக்குப் பகுதியில் சிறியதொரு மெஸ் நடத்தி வருகிறேன். உணவுத் தொழிலுக்கு உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்: ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்கும் தாள்களில் தண்ணீர்ச் சோதனை அறிக்கையும் ஒன்று. சமையலுக்கு எடுக்கும் தண்ணீர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரத்தில் இருக்க வேண்டும் என்பதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதித்து அறிக்கையைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும் என்பதும் எங்களுக்கான விதி. நானும் வைத்திருக்கிறேன், கல்லாவுக்குப் பின்னால், விலைப்பட்டியலுக்குக் கீழே, எல்லாரும் பார்க்கும்படி ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் நான் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வது நீங்கள் குழாயில் அனுப்பும் தண்ணீரைத்தான். வாங்கிப் பயன்படுத்துகிறவள் அறிக்கை காட்ட வேண்டும் என்றால், அனுப்புகிறவர்களின் அறிக்கை எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்கும் உரிமையும் எனக்கு உண்டு என்றே நினைக்கிறேன். எங்கள் தெருவில் அப்படியொரு தாளை நான் இதுவரை கண்டதில்லை.

இந்த மடலை எழுத வைத்த சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு விடியற்காலை, அரிசி களைய உட்கார்ந்த பெண் அண்டாவை மூக்கருகே சாய்த்துப் பார்த்துவிட்டு, "அக்கா, தண்ணி வாடை அடிக்குது" என்றாள். விளக்கடியில் பார்த்தபோது நிறமும் லேசாகப் பழுத்திருந்தது. ஊறிய அரிசியைக் கொட்டிவிட்டு அன்றைய காலைச் சிற்றுண்டியை நிறுத்தினோம். புகார் கொடுத்த மூன்றாம் நாள் ஒருவர் வந்து குழாயைத் திறந்து பார்த்து, "அரை மணி நேரம் திறந்து விடுங்கம்மா, தெளிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடி தெளிந்தது, நிறம் மட்டும். அடுத்த வாரம் எங்கள் குழாய்க்காரரை அழைத்து வாசலைத் தோண்டியபோதுதான், தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் அரை அங்குல இரும்புக் குழாய் சாக்கடை வாய்க்காலுக்குள்ளேயே நான்கடி தூரம் கிடப்பது தெரிந்தது. இணைப்பு இடத்தில் துரு தின்று மிளகளவு ஓட்டை விழுந்திருந்தது. தண்ணீர் வரும் நேரத்தில் அந்த ஓட்டை வெளியே துப்பும். தண்ணீர் நின்று குழாய் காலியாகும் நேரத்தில் வாய்க்காலில் உள்ளதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அலுவலகம் எது, வந்தவர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. அவரிடம் குளோரினைச் சோதிக்கும் சொட்டு மருந்துகூட இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

இந்தக் கோளாறுக்கு எங்கள் பங்கையும் மறைக்கக் கூடாது. நாள் முழுதும் அழுத்தத்தோடு ஓடும் குழாயில் விரிசல் இருந்தாலும் வெளியிலுள்ளது உள்ளே வருவது கடினம். நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில் ஒவ்வொரு முறை வால்வை மூடும்போதும் குழாய் வெற்றிடமாகிறது. அதற்கு மேல், பத்து வீட்டுக்கு ஒருவராவது மோட்டாரை நேராகத் தெருக் குழாய் இணைப்பிலேயே மாட்டி உறிஞ்சுகிறோம். முன்பு நானும் அப்படித்தான் செய்தேன், இப்போது தரைத்தொட்டியில் விழவிட்டுப் பிறகு ஏற்றுகிறேன். அந்த மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் இருக்கும் விரிசல் வழியாக அங்குள்ள சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. இதை யாராவது வீடு வீடாக வந்து ஒருமுறை விளக்கிச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் கழற்றியிருப்பார்கள்.

குழாயில் இப்படி வழியில் நுழைவதைக் கொல்லத்தான் குளோரின் போடுகிறோம். தொட்டியில் எவ்வளவு போட்டோம் என்பதைவிடக் கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஐ.எஸ். 10500 தரம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. 100 மில்லி லிட்டர் நீரில் மலக்கழிவைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்றும் சொல்கிறது. அதில் சலுகை எதுவும் கிடையாது. ஈரமான அறையில் வாய் திறந்து வைத்த, குளோரின் தரும் பிளீச்சிங் பவுடர் சில வாரங்களில் வீரியம் இழந்துவிடும் என்பது மெஸ் கழுவுகிற எங்களுக்கே தெரியும்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சிய குளோரினைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடிக் குப்பியும் சில சொட்டு மருந்தும் போதும். நிறம் ஏறினால் இருக்கிறது, ஏறாவிட்டால் இல்லை. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் அளவும் தெரிந்துவிடும். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மாதிரி எடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிருமிச் சோதனைக்கு எடுக்கும்போது குழாய் வாயைத் தீயில் காட்டி, சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, குளோரினை முறிக்கும் தயோசல்பேட் போட்ட சுத்தமான பாட்டிலில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கிறார்கள். அது சரியான முறைதான், ஏனென்றால் குழாய் வாயில் ஒட்டிய அழுக்கு வந்து கணக்கைக் கெடுக்கக் கூடாது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைக் கீழே விடுவதில்லை. தண்ணீர் வரும் நேரமே குறைவு என்பதால் குழாய் இருமத் தொடங்கும்போதே குடத்தை வைத்துவிடுகிறார்கள். இரவு முழுதும் காலியாகக் கிடந்த குழாய் உறிஞ்சியதெல்லாம் அந்த முதல் குடத்தில்தான் வருகிறது. அதனால் முறைப்படி ஒரு பாட்டிலும், மக்கள் உண்மையில் பிடிக்கும் முதல் நீரில் ஒரு பாட்டிலும் என இரண்டாக எடுங்கள் என்று கேட்கிறேன்.

கிருமி ஒரு பக்கம் என்றால் உப்பு இன்னொரு பக்கம். இந்த ஊர் நெடுங்காலமாக நிலத்தடி நீரைக் குடித்து வாழும் ஊர். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பு, அங்கே தன் மாளிகை இடிக்கப்பட்ட இடத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த மண்டபமே அரசின் சின்னமாகவும் இருக்கிறது. தண்ணீர் தந்த ஒரு பெண்ணின் நினைவிடத்தைச் சின்னமாக வைத்துக்கொண்ட அரசுகள் வேறு எத்தனை இருக்கும் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

கடலோர நிலத்தடி நீருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நல்ல நீர் உப்பு நீரைவிட இலேசானது என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நல்ல நீர் ஒரு மீட்டர் இறங்கினால், அடியில் உப்பு நீரின் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் மேலே ஏறிவரும். கடற்கரைக்கு அருகில் ஆழ்துளைக் கிணறுகளைப் போட்டு இறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002-இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. மெஸ்ஸில் இதன் விளைவை நாங்கள் பார்ப்பது துவரம் பருப்பில்: கடினத்தன்மை ஏறிய நீரில் பருப்பு இரண்டு விசில் கூடுதலாகக் கேட்கும், இட்லிப் பானையின் அடியில் வெள்ளைப் பொருக்கு ஓட்டாகப் பிடிக்கும். தரத்தின்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், கடினத்தன்மை 200, குளோரைடு 250 என்பது ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில்தான் இவை முறையே 2000, 600, 1000 வரை போகலாம். எனக்கு வந்த அறிக்கைகள் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன. வேறு வழியில்லாதபோது மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொன்ன அளவு நாளடைவில் வழக்கமான அளவாக மாறிவிட்டதோ என்பதே என் ஐயம். கைக்குழந்தைகளுக்கு ஆபத்தான நைட்ரேட்டுக்கு 45 என்ற எல்லையில் அந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் நைட்ரேட்டும் போகாது. நீர் ஆவியாவதால் கொஞ்சம் செறிந்துதான் போகும். கைக்குழந்தைக்குப் பால்பொடி கரைக்கும் தாய்மாருக்கு இதைச் சொல்ல வேண்டியது நீர் வழங்குகிறவர்களின் வேலை.

நீங்கள் எண்களைச் சொல்லாத இடத்தில் வேறு யாரோ வந்து சொல்கிறார்கள். போன மாதம் தண்ணீரில் உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவி விற்க வந்த இளைஞர் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தார், ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த தண்ணீர். மின்கம்பிகள் பொருத்திய ஒரு சாதனத்தை இரண்டிலும் இறக்கி மின்சாரம் விட்டார். எங்கள் டம்ளர் சிறிது நேரத்தில் சேறுபோலப் பழுப்பாகி நுரை கட்டியது. அவருடையது அப்படியே இருந்தது. "பாத்தீங்களாம்மா, இதைத்தான் குடிக்கிறீங்க" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பழுப்பு எங்கள் தண்ணீரிலிருந்து வந்ததல்ல. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் பாய்வதால் அவருடைய இரும்புக் கம்பியே அரித்துக் கரைந்து அந்தச் சேற்றை உண்டாக்குகிறது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் பாயாது, அதனால் நிறமும் மாறாது. அவர் நீட்டிய, கரைந்த திடப்பொருளை அளக்கும் டி.டி.எஸ். பேனாவும் உப்பை மட்டுமே காட்டும். சாக்கடை கலந்த நீருக்கும் அது நல்ல எண்ணைக் காட்டக்கூடும். ஆனால் இதையெல்லாம் சாப்பிட வந்தவர்களுக்கு நான் எத்தனை பேருக்கு விளக்க முடியும்? வார்டின் அதிகாரபூர்வமான தாள் ஒன்று சுவரில் இருந்தால் அதைக் கைநீட்டிக் காட்டியிருப்பேன்.

இப்போது வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கேன் தண்ணியா, குழாய்த் தண்ணியா?" என்பதுதான். நாளொன்றுக்கு ஐந்தாறு கேன் வாங்குகிறேன். அந்தச் செலவைச் சாப்பாட்டு விலையில் ஏற்றிவிடலாம், ஏற்றியும் விட்டேன். எதிர்ச் சந்தில் குடியிருக்கும், என்னிடம் பாத்திரம் துலக்கும் பெண் அதை எங்கே ஏற்றுவாள்? அடைத்த குடிநீரை 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதிக இடர் உள்ள பொருட்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது என்பதால், கேன் வாங்குவோரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சோதனையே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கும் சோதனையின் முடிவு எங்கள் கைக்கு வருவதில்லை என்பதே முறையீடு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, யாரும் மனுப்போட்டுக் கேட்கும்வரை காத்திராமல் அரசு அமைப்புகள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. எண்களை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்று ஒருமுறை எனக்குப் பதில் வந்தது. ஒரு மாதம் மோசமான எண் வந்து, என்ன சரி செய்தீர்கள் என்பதும் அதன் கீழே எழுதப்பட்டு, அடுத்த மாதம் எண் இறங்கினால் யார் பீதியடையப் போகிறார்கள்? குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று 2021-இல் ஒடிசாவின் பூரி நகரம் அறிவித்தது. புதுச்சேரியைவிடச் செல்வம் கொழிக்கும் ஊரல்ல அது, இதே வங்கக் கடலோரம் இருப்பதுதான்.

ஆகவே ஒவ்வொரு வார்டிலும் தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள வீட்டுக் குழாயில் மாதந்தோறும் மாதிரி எடுத்து, எஞ்சிய குளோரின், கிருமி, கரைந்த திடப்பொருள், கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றின் அளவைத் தமிழில் ஒரே தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரிலும் அங்கன்வாடி வாசலிலும் ஒட்ட வேண்டும். மழை மாதங்களில் இதை வாரந்தோறும் செய்ய வேண்டும். வாய்க்காலுக்குள் கிடக்கும் வீட்டு இணைப்புகளைக் கணக்கெடுத்து மேலே தூக்கிப் போட வேண்டும். தெருக் குழாயிலிருந்து வாசல் வரையுள்ள துண்டு வீட்டுக்காரர் பொறுப்பா, உங்கள் பொறுப்பா என்ற இழுபறியை எழுத்தில் முடித்துச் சொன்னால், எங்கள் பங்குச் செலவைக் கொடுக்கத் தெருவில் பலர் தயாராக இருக்கிறார்கள். நானே எட்டு வீடுகளில் கேட்டுவிட்டேன்.

எங்கள் தெரு குழாய்ப் பாதையின் கடைக்கோடியில் இருக்கிறது. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வருகிறது. மெஸ் கதவை ஐந்து மணிக்கே திறந்துவிடுவோம். மாதிரி எடுக்க வருகிறவர் எந்த நாளும் முன்னறிவிப்பில்லாமல் வரலாம், இரண்டு பாட்டில்களோடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
கடைக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் ஒரு மெஸ்காரி