சாம்பல் வண்டியின் முன்சக்கரம்

பாலக்கோடு

அன்புள்ள முனியப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, அது போகப்போவதில்லை. தக்காளி விலையைப் பற்றிக் கேட்காதே. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டருக்கு முன்சக்கரத்தை மாற்றிவிட்டேன். பென்னாகரம் மாமா இதற்குள் உனக்குப் போன் செய்து, "மாதையன் வண்டியைக் கெடுத்துட்டான்" என்று ஓதியிருப்பார். அவர் வந்து பார்த்தபோது ஒரு பக்கம் சக்கரமே இல்லாமல் கட்டை மேல் நின்றது வண்டி. அதைப் பார்த்துவிட்டுப் போனவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மொரப்பூர் ஸ்டேஷன் கதையை ஊருக்குள் பரப்பியதும் அவர்தானே! அதனால் முழுசாக நானே எழுதுகிறேன். பொறுமையாகப் படி, கோபத்தைக் கடைசியில் வைத்துக்கொள்.

இடதுபக்க முன்டயர் பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. டியூப் மாற்றி, உள்ளே பழைய டயர் துண்டு வைத்து, எவ்வளவோ ஒட்டிப் பார்த்தாயிற்று. நீயும் நானும் ஏறி விளையாடிய காலத்திலிருந்து அதில் இருப்பது 4.00-19, இங்கிலாந்திலிருந்து வந்த அளவு. நாலு அங்குல அகலம், பத்தொன்பது அங்குல ரிம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர்கள் அளவைக் கேட்டதும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். எங்கேயாவது சொல்லி வைத்து வாங்கினாலும், ஆடி மழையில் கேழ்வரகுக் கொல்லியில் நிற்கும்போது அது வெடித்தால் என்ன செய்வது? 6.00-16 என்றால் காரிமங்கலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இன்று ஓடுகிற டிராக்டரில் பலவற்றுக்கு அதுதான் முன்டயர்.

பதினாறு அங்குல ரிம் போட்டால் வண்டியின் மூக்கு தரையைப் பார்க்கும் என்று நீ சொல்வாய். கணக்குப் போட்டுப் பார். பழையது 19, மேலே கீழே நாலு நாலு சேர்த்தால் 27. புதியது 16, மேலே கீழே ஆறு ஆறு சேர்த்தால் 28. குறுக்களவில் ஒரு அங்குலம்தான் கூடுகிறது, அப்படியென்றால் அச்சு உயர்வது அரை அங்குலம். கலப்பையின் கோணம் அதனால் மாறினாலும் கலப்பையை மேலே பிடிக்கிற மேல் லிங்க்கை ஒரு சுற்று திருகினால் சரியாகிவிடும். எனக்கு இந்தக் கணக்கு வந்த அன்றைக்குத்தான் தூக்கமே வந்தது.

டயர் கடையில் இன்னொரு யோசனை சொன்னார்கள். ஜீப்புக்கும் 6.00-16 உண்டு, விலை குறைவு, அதையே போட்டுக்கொள் என்றார்கள். மாட்டவே மாட்டேன் என்று வந்துவிட்டேன். டிராக்டர் முன்டயரில் நீளவாக்கில் மூன்று வரி எடுப்பாக ஓடுகிறதே, அது அழகுக்கு இல்லை. ஈரமண்ணில் ஸ்டியரிங்கை ஒடித்தால் அந்த வரிதான் மண்ணைக் கடித்து வண்டியைத் திருப்பும். ஜீப் டயர் போட்டால் சக்கரம் திரும்பும், வண்டி நேராகவே போகும். வரப்பு முனையில் கிணறு வைத்திருக்கிறவன் அந்த வேலையைச் செய்யவே கூடாது.

அடுத்த தலைவலி ரிம். பதினாறு அங்குல ரிம் எளிதாகக் கிடைத்தது. ஆனால் அதன் நடுத்தட்டில் இருக்கிற போல்ட் ஓட்டைகள் நம் ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டுகிற குடத்தோடு, சேரவில்லை. பட்டறையில் எல்லோரும் சொன்ன வழி ஒன்றுதான்: பழைய சக்கரத்தின் நடுத்தட்டை கேஸ் வைத்து வெட்டி எடுத்து, புது ரிம்முக்குள் வைத்துப் பற்றவைத்துவிடு. அரைநாள் வேலை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சக்கரத்தை வெட்டிவிட்டால் அப்புறம் இன்னொன்று எங்கே போய்த் தேடுவது? 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள் என்பது உண்மைதான். அதில் ஒன்று ஏற்காடு எஸ்டேட் வழியாக உங்கள் அப்பா கையில் வந்து சேர்ந்தது, நமக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் இருப்பது அது ஒன்றுதான். பழைய சக்கரம் இரண்டையும் ஒரு கீறல் இல்லாமல் கழற்றி, துரு தேய்த்து, எண்ணெய் பூசி, மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கே வேண்டுமென்றாலும் திருப்பிப் போட்டுவிடலாம். இதை மாமா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

புதுத் தட்டை லேத்தில் கடைந்தோம். பழைய சக்கரத்தையே அச்சாக வைத்து ஓட்டை குறித்தோம். முதலில் போன பட்டறையில் அவசரம். ஒரு பக்கமாகவே சுற்றிப் பற்றவைத்ததில் தட்டு சூட்டில் இழுத்துக்கொண்டது. ஹப்பில் மாட்டிச் சுற்றினால் ரிம் கோணல் வண்டிச்சக்கரம் போல ஆடுகிறது. "ஓடினா சரியாகிடும்" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டார்கள். இரும்பு ஓடினால் எப்படிடா நேராகும்? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்புறம் தாடிக்காரரிடம்தான் போனேன். (இன்னும் இருக்கிறார், அதே பீடி, அதே கெட்டவார்த்தை. உன்னை "கோயமுத்தூர் துரை" என்று விசாரித்தார்.) அவர் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாகச் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து, ஒவ்வொரு முறையும் ஹப்பில் மாட்டிச் சுற்றி, சாக்பீஸைப் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் முழுசாகப் பற்றவைத்தார். சாக்பீஸ் கோடு ரிம் முழுக்கச் சுற்றிலும் ஒரே மாதிரி விழுந்தபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

தட்டை ரிம்முக்குள் எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். டயரின் நடுக்கோடு பழைய இடத்திலேயே இருந்தால், சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங் பின்னுக்கு நல்லது. வெளியே தள்ளத் தள்ள, கல்லில் மோதும்போதெல்லாம் ஸ்டியரிங் கையை உதறும், பேரிங்கும் சீக்கிரம் போகும். ஆனால் புது டயர் இரண்டு அங்குலம் அகலம் கூடியது, அதனால் உள்பக்கமாக ஒரு அங்குலம் வரும். முழுக்க ஒடித்தால், முன்அச்சைப் பின்னாலிருந்து பிடிக்கிற ரேடியஸ் ராடை உரசுமோ என்று பயம். கடைசியில் அரை அங்குலம் மட்டும் வெளியே வைத்தோம். இப்போது முழுக்க ஒடித்தாலும் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள், ஏனென்றால் உன் பையனும் இந்த மாதிரி வேலையில் ஆசையாக இருக்கிறான் என்றாய். இந்த வண்டிக்கு சேஸிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது. எஞ்சினே முதுகெலும்பு. முன்அச்சு நடுவில் ஒற்றை சென்டர் பின்னில்தான் ஊசலாடுகிறது. அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை எடுத்துவிட்டால், மேலே இருக்கிற எடை முழுவதும் அந்தப் பின்னைச் சுற்றி எந்தப் பக்கமும் சாயலாம். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் கையை விடக்கூடாது. பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல், அச்சுக்கும் அதன் மேலே இருக்கிற வார்ப்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு, எஞ்சினுக்கு அடியில் அகலமான புளியங்கட்டை. இவ்வளவும் வைத்த பிறகுதான் நட்டைத் தொட விட்டேன். டெய்லர் வீட்டு அண்ணனின் கையை நினைத்துக்கொள். அவர் இன்றைக்கும் இடதுகையால்தான் சாப்பிடுகிறார்.

கழற்றியதோடு விடவில்லை. ஹப் பேரிங்கைக் கழுவி, புது கிரீஸ் அடைத்து மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, லேசாகப் பிடிக்கிறபோது நிறுத்தி, நட்டைப் பூட்டுகிற ஸ்பிளிட் பின் ஓட்டை வரை பின்னால் தளர்த்தினேன். கிங் பின் புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினோம். அப்போதுதான் ஸ்டியரிங் அமைப்பைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முனியப்பா, நீ பம்பு கம்பெனியில் எவ்வளவோ மெஷின் பார்த்திருப்பாய், ஆனால் ஹாரி ஃபெர்குசன் செய்த இந்த வேலையைத் திரும்ப ஒருமுறை வந்து பார். மற்ற வண்டியில் பெரும்பாலும் ஒரு பக்கச் சக்கரத்தை ஸ்டியரிங் தள்ளும், இரண்டையும் ஒரு டை ராட் இணைக்கும். இதில் டை ராடே இல்லை. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனிக் கை, சக்கரத்தைத் திருப்ப டிராக் லிங்க் என்ற தனித்தனிக் கம்பி, சக்கரத்துக்கு ஒன்று. முன்அச்சின் இரண்டு பக்கமும் நீள்கிற அச்சுக்கை இரண்டும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது ஏன் என்று சின்ன வயதில் உங்கள் அப்பாவைக் கேட்டோமே, ஞாபகமிருக்கிறதா? போல்ட்டைக் கழற்றி அச்சுக்கையை வெளியே இழுத்து, நாலு நாலு அங்குலமாக அகலத்தைக் கூட்டலாம். அந்தச் சாய்வினால் டிராக் லிங்க்கின் நீளத்தைத் தொடவே வேண்டியதில்லை, ஸ்டியரிங் அளவு கெடாது. ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கூலிக்காரன் வயல் நடுவில் நின்று செய்யக்கூடிய வேலையாக அதை அமைத்திருக்கிறான் மனுஷன்.

எனக்கு அது எவ்வளவு பயன் தெரியுமா? குச்சிக்கிழங்கு நான் மூன்றடிப் பாரில் வைக்கிறேன். சக்கரம் இரண்டு பாரைத் தாண்டி நிற்க வேண்டுமானால் ஆறடி, அதாவது 72 அங்குலம். பின்சக்கரத்தைத் தட்டு திருப்பிப் போட்டு அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன், முன்சக்கரத்தை அச்சுக்கையை இழுத்து. செடி முழங்கால் உயரம் வரும் வரை களை ஓட்ட ஆள் தேட வேண்டியதில்லை. ஆள் கிடைப்பதில்லை என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை, உன் கம்பெனிக்கே இங்கிருந்துதானே வருகிறார்கள்.

மழைக்குப் பிறகு கேழ்வரகுக் கொல்லியில் இறக்கிப் பார்த்தேன். பழைய ஒல்லி டயர் ஈரத்தில் கத்தியாக இறங்கும், நீ ஒருமுறை சிக்கிக்கொண்டு நாங்கள் ஏர்மாடு கட்டி இழுத்தோம். இது மேலே மிதந்து போகிறது. நிற்கிறபோது ஸ்டியரிங் கொஞ்சம் கனம்தான், அதை மறைக்க மாட்டேன். நகர்ந்துகொண்டே திருப்பினால் தெரிவதில்லை.

சரி, உனக்குக் கோபம் வரப்போகிற இடம் இதுதான். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், பழைய வண்டி சேர்க்கிறவர். நல்ல விலை சொன்னார். புது முன்சக்கரத்தைப் பார்த்ததும் அதில் பெரிய தொகையைக் குறைத்தார். உத்தரத்தில் தொங்குவதைக் காட்டினேன், உடனே பழைய விலைக்குத் திரும்பினார். கொடுக்கவில்லை. கண்ணாடி அறையில் நிறுத்தி வாரம் ஒருமுறை துடைப்பாராம். உங்கள் அக்கா கல்யாணத்துக்காக உங்கள் அப்பா இந்த வண்டியை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தபோது, "ஓடாம நிறுத்திடாதீங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். நான் சின்னப்பையன், பக்கத்தில் நின்றேன். உழுகிற வண்டிக்கு எந்த டயர் கிடைக்கிறதோ அதுதான் அதன் டயர். இதில் நீ என்னோடு சண்டை போடலாம், நான் மாறப்போவதில்லை.

என்னை உண்மையில் அரிப்பது வேறு. என் பெரியவன் இந்த மாம்பழ சீசனில் டிரெய்லர் மாட்டிக் காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடிக்கப் போகிறேன் என்கிறான். முன்டயர் பெரிதானதும் அவனுக்கு வண்டியே பெரிதாகிவிட்டது போலத் தோன்றுகிறது. வண்டியின் எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். பிரேக் பின்சக்கரத்தில் மட்டும். பெங்களூரா மாங்காயை நாலு டன் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்தால், டிரெய்லர்தான் வண்டியைத் தள்ளும். ஏற்றத்தில் இன்னும் மோசம். கொக்கியை அச்சுக்கு மேலே உயரத்தில் மாட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு எந்த டயர் போட்டால் என்ன? அதற்கு மேலும் இழுத்தால் அப்படியே பின்னால் கவிழும், ஓட்டுகிறவன் ஸ்டியரிங்குக்கும் மண்ணுக்கும் நடுவில். நான் சொன்னால் "அப்பா பயப்படறார்" என்கிறான். நீ சொன்னால் கேட்பான். உன் வார்த்தையை இஞ்சினியர் வார்த்தையாக எடுத்துக்கொள்கிறான். கொக்கி எப்போதும் கீழ்க்கம்பியில், லோடு ஒரு டன்னுக்குள், தோப்பிலிருந்து ரோடு வரைக்கும் மட்டும், அங்கிருந்து வாடகை லாரி. இதை அவனுக்குப் போன் செய்து நீயே சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. சீசன் தொடங்குவதற்குள் செய். இந்தக் கடிதத்தில் மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

அப்புறம், உங்கள் அப்பாவின் அந்த ஃபெர்குசன் ஸ்பானர் உன்னிடம்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். அங்குலக் கோடு போட்டது, சால் ஆழம் அளப்பாரே, அது. அச்சுக்கை போல்ட்டுக்கு நான் இங்கே வேறு ஸ்பானர் வைத்துத் திணறுகிறேன். வரும்போது கொண்டுவா. பந்தயத்தில் நீ தர வேண்டிய எட்டணாவையும் சேர்த்து.

உன்,
மாதையன்