எல்.சி. வாங்கிட்டுத்தான் ஏறுவேன், அப்பா

லிவர்பூல்,
17.5.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி இப்ப எப்படி இருக்கு? போன ஞாயித்துக்கிழமை மலை ஏறப் போறேன்னு சொன்னதும் போனை அம்மா கையில கொடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அம்மாகிட்ட சொன்னா பாதி விஷயம் மாறித்தான் உங்க காதுக்கு வரும். அதான் உக்காந்து எழுதுறேன். கோவப்படாம கடைசி வரைக்கும் படிங்க.

மலைக்கு இங்கிலீஷ்காரங்க வச்ச பேரு ஸ்னோடன். வேல்ஸ்காரங்க அவங்க பாஷையில ‘அர் வித்வா’ன்னு சொல்றாங்க. கல்லறைன்னு அர்த்தமாம், ஒரு அரக்கனை அங்க புதைச்சதாக் கதை. வேல்ஸ்லயே உசந்த மலை அதுதான், 1,085 மீட்டர். கொடைக்கானல் உசரத்துல பாதிதான்னு நீங்க நினைப்பீங்க. ஆனா கடலு பக்கத்துலயே இருக்கு. மழையும் காத்தும் நேரா வந்து மோதும். நாங்க போற முகட்டுல வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல மழையாம். நம்ம மதுரையில நாலஞ்சு வருஷம் சேத்துப் பெய்யுறதை அங்க ஒரே வருஷத்துல கொட்டுது.

உச்சி வரைக்கும் ரயிலு போகுதாமே, அப்புறம் எதுக்கு ஏறணும்னு கேட்டீங்களாம். 1896-லயே போட்ட ரயிலுப்பா. பழனியிலயும்தான் விஞ்ச் இருக்கு. அதுல என்னைக்காவது ஏறியிருக்கீங்களா? முட்டியைப் பிடிச்சுக்கிட்டு யானைப் பாதையிலதானே போவீங்க!

நாங்க ஏறப் போற வழிக்குப் பேரு கிரீப் கோஹ், சிவந்த முகடுன்னு அர்த்தம். 923 மீட்டர். ரெண்டு பக்கமும் சரிவு, நடுவுல கத்தி முனை மாதிரி பாறை. சில இடத்துல முகட்டைக் கையால பிடிச்சுக்கிட்டு, ஒரு அடி கீழ காலை வச்சு, பக்கவாட்டுலதான் நகரணும். கயிறு கட்டி ஏறுற அளவுக்கு இல்ல, ஆனா கையை எடுத்துட்டும் நடக்க முடியாது. அதுக்கப்புறம் கோபுரம் மாதிரி மூணு பாறை நிக்குது. அதையும் தாண்டினா ஒரு கணவாய், அங்கிருந்து 1,065 மீட்டர்ல இன்னொரு சிகரம், அப்புறம்தான் உச்சி. முகட்டுல ஏறிட்டா அந்தக் கணவாய் வரைக்கும் பக்கவாட்டுல இறங்க வழி கிடையாது. இறங்கிரலாம்னு நினைச்சுச் சரிவுல கால வச்சு விழுந்தவங்க உண்டு.

இதைப் படிச்சதும் உங்களுக்கு மேலு நடுங்கும்னு தெரியும். மறைக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

மூணும் ஒண்ணும்னு சின்ன வயசுல சொல்வீங்களே, ஞாபகம் இருக்கா? கம்பத்துல ஏறுறப்ப ரெண்டு கை ரெண்டு கால்ல மூணு எப்பவும் பிடிச்சிருக்கணும், ஒண்ணுதான் நகரலாம்னு. இங்க பாறை ஏறச் சொல்லித் தர்றவங்களும் அதையேதான் முதல் பாடமாச் சொன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒத்தக்கடை லைன்மேன் மகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லன்னு நினைச்சுக்கிட்டேன். ஏப்ரல் மாசம் ‘த்ரவன்’னு 917 மீட்டர் மலையில பழகப் போனோம். இடது கையை வச்ச கல்லு, பாக்க இட்லிக் கொப்பரை கணக்கா பெருசா இருந்துச்சு. நீங்க கம்பத்தோட அடியைத் தட்டிப் பாப்பீங்களே, அந்த மாதிரி விரல் முட்டியால தட்டினேன். வேற கல்லுல கெட்டியாக் கேக்குற சத்தம் இதுல பொத்துன்னு கேட்டுச்சு. லேசா அசைச்சேன், ஆடுச்சு. கையை எடுத்துட்டு மேல ஒரு வெடிப்புல நாலு விரலையும் உள்ள விட்டுப் பிடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு, ஆனா அசையல. அன்னைக்கு முழுக்க நீங்க கூடவே இருந்த மாதிரிதான் இருந்துச்சு.

கூட வர்றது ரெண்டு பேரு. ஒருத்தி எங்க வார்டுல வேலை பாக்குற கோட்டயத்துப் பொண்ணு. இன்னொருத்தங்க வேல்ஸ்காரம்மா, 58 வயசு, இந்த முகட்டுல இருபது தடவைக்கு மேல போயிட்டு வந்தவங்க. மூணு வருஷமா இந்த ஊரு எனக்குப் பிடிபடவே இல்லப்பா. நைட் டூட்டி முடிச்சு வந்தா ஜன்னலுக்கு வெளிய மழை, எதிர் வீட்டுல யாரு இருக்காங்கன்னே தெரியாது. அந்தம்மா ஒரு நாள் மலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எதுக்க வர்றவங்க எல்லாரும் நின்னு பேசிட்டுப் போறாங்க. நம்ம சதுரகிரியில தெரியாதவங்க தண்ணி கொடுத்துட்டு, பைய ஏறும்மான்னு சொல்லிட்டுப் போவாங்களே, அதே மாதிரி. அன்னைக்குத்தான் இந்த நாட்டுல முதல் தடவையா மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.

உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. போன அக்டோபர்லயே இங்க ஏறக் கிளம்பினோம். முகட்டுக்கு முன்னாடியே பன்றிக் கணவாய்னு ஒரு இடத்துல பாதை ரெண்டாப் பிரியும். இடது பக்கம் நடைபாதை, நேரா மேல போனா முகடு. அங்க நிக்கவே முடியல, அப்படி ஒரு காத்து. நான் போயிரலாம்னு சொன்னேன். லீவு போட்டு வந்தது, அடுத்து எப்ப கிடைக்குமோன்னு மனசு அடிச்சுக்கிச்சு. அந்தம்மா ஒண்ணும் சொல்லாம என் முகத்தையே பாத்தாங்க. அப்ப எனக்கு, ஆறாவது படிக்கிறப்ப ஆடி அமாவாசைக்கு நாம சதுரகிரி போனது ஞாபகத்துக்கு வந்துச்சு.

தாணிப்பாறையில இருந்து வெள்ளன ஏறினோம். சங்கிலிப் பாறைக்குப் பக்கத்துல ஓடையில தண்ணி கணுக்காலு அளவுதான். எல்லாரும் தாண்டிக்கிட்டு இருந்தாங்க. நீங்க மட்டும் குனிஞ்சு பாத்தீங்க. தண்ணி லேசாக் கலங்கி, அதுல இலை மிதந்து வந்துச்சு. சருகு இல்ல, கொப்போட பிஞ்சு வந்த பச்சை இலை. மேல பெருமழைன்னு சொல்லிட்டு என்னைத் தோள்ல தூக்கித் திரும்பிட்டீங்க. கீழ வர்ற வரைக்கும் அழுதேன், உங்களைக் கிள்ளினேன். “மகாலிங்கம் அங்கயேதான் இருப்பாரு, அடுத்த மாசம் வருவோம்”னு மட்டும் சொன்னீங்க. அரை மணி நேரத்துல ஓடை போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேக்குது.

அக்டோபர்ல நானே திரும்புவோம்னு சொன்னேன்.

இந்தத் தடவை எல்லாம் எழுதி வச்சிருக்கோம். ஜூன் 13, சனிக்கிழமை. சரியில்லைன்னா மறுநாள், அதுவும் இல்லைன்னா ஜூலை. மலைக்குன்னே தனியா வானிலை அறிக்கை வருது. உச்சியில காத்து மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேலன்னு போட்டிருந்தா கிளம்பவே மாட்டோம். பாறை ஈரமா இருந்தாலோ முகட்டை மேகம் மூடியிருந்தாலோ பன்றிக் கணவாயிலயே இடது பக்கம் திரும்பி நடைபாதையில போயிருவோம். மூணு பேருல ஒருத்தர் வேண்டாம்னா மூணு பேரும் திரும்பணும், காரணம் கேக்கக் கூடாது. நீங்க எல்.சி. வாங்காம, அதான் லைன்ல கரண்டை நிறுத்தியாச்சுங்கிற அனுமதி வாங்காம, கம்பத்துல கை வச்சதே இல்ல, எத்தனை பேரு அவசரப்படுத்தினாலும். எனக்கு அந்தப் பன்றிக் கணவாய்தான் எல்.சி. வாங்குற இடம்.

காலையில 7 மணிக்கு நடக்க ஆரம்பிப்போம். மத்தியானத்துக்குள்ள உச்சி, இறங்குறது நடைபாதை வழியா, 4 மணிக்குக் கீழ. ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். போனை நம்பாம பேப்பர் மேப்பும் திசைகாட்டியும் எடுத்துக்கிறோம். மேப்புல நாலு சென்டிமீட்டர்னா தரையில ஒரு கிலோமீட்டர். ஆளுக்கொரு விசிலு. ஆபத்துன்னா நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதிட்டு ஒரு நிமிஷம் நிறுத்தணும், மறுபடி ஊதணும். மலையில மாட்டினவங்களைத் தூக்கிட்டு வர்றவங்க எல்லாம் சம்பளம் வாங்காத தொண்டர்கள், ராத்திரின்னாலும் வந்துருவாங்களாம். அவங்களை அலைய விடக் கூடாதுன்னுதான் இவ்வளவும் பாக்குறோம்.

நாலு மணிக்கு இறங்கினதும் கூப்பிடுறேன், உங்களுக்கு ராத்திரி எட்டரை. அங்க சிக்னல் கிடைக்காம பத்து பத்தரை ஆனாலும் பயப்படாதீங்க. போற வழி, திரும்புற நேரம் எல்லாம் அந்தம்மா வீட்டுக்காரர்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கோம். இங்க 7 மணி வரைக்கும் தகவல் இல்லைன்னா அவரு போலீஸுக்குச் சொல்லிருவாரு.

இதெல்லாம் படிச்சும் மனசு ஒப்பலைன்னா சொல்லுங்க. கோவத்துல வேண்டாம், எந்த இடம் சரியில்லைன்னு சொல்லுங்க. அதை மாத்திட்டு மறுபடி எழுதுறேன். தம்பி போன்ல ஒரு வரி அனுப்பச் சொன்னாப் போதும்.

பையில புளியோதரைதான் கட்டிக்கிட்டுப் போறேன். போன தடவை செஞ்சப்ப புளிக்காய்ச்சல் கசந்துருச்சு, வெந்தயம் கருகிருச்சு போல. எவ்வளவு போடணும், எப்ப இறக்கணும்னு அம்மாகிட்ட கேட்டு அதையும் அனுப்பச் சொல்லுங்க.

உங்கள் பாப்பா