எந்தப் பழுதிலிருந்து பாதுகாப்பு? டோபாலஜிக்கல் ஃபோட்டானிக்ஸ் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டோபாலஜிக்கல் ஃபோட்டானிக்ஸ் துறையில் ஆய்வு செய்கிற, அதைப் பற்றித் தமிழில் பேசுகிற, எழுதுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். நான் கல்லூரியில் ஒளியியல் நடத்துகிறேன். சிறு மாற்றங்களால் குலையாத கட்டமைப்புப் பண்பைக் (டோபாலஜி) கொண்டு ஒளியை வழிநடத்தும் உங்கள் துறையின் மேல் மிகுந்த பற்று உண்டு. அந்தப் பற்றினால்தான் இந்த மடல். "இந்த அலைவழியில் (ஒளியை நடத்திச் செல்லும் பாதையில்) போகும் ஒளி எந்தத் தடை வந்தாலும் சுற்றிக்கொண்டு போய்விடும், சிதறவே சிதறாது" என்று மேடைகளிலும் செய்திக் குறிப்புகளிலும் சொல்லப்படுகிறது. மாணவர்கள் அதை அப்படியே நம்பிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். ஒரு வகைக் கட்டமைப்புக்கு அந்தப் பேச்சு ஏறக்குறைய பொருந்தும். மற்றவற்றுக்குப் பொருந்தாது. எது எது என்று நீங்களே பிரித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பொருந்துகிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குவாண்டம் ஹால் விளைவில், வலுவான காந்தப்புலத்தில் வைத்த மெல்லிய படலத்தில், எலக்ட்ரான்கள் விளிம்பை ஒட்டி ஒரே திசையில் ஓடுகின்றன அல்லவா, அதை ஒளியிலும் கொண்டுவர முடியும் என்று இயற்பியலாளர்கள் ஹால்டேனும் ஸ்ரீநிவாஸ் ரகுவும் காட்டினார்கள். அவர்களுடைய கட்டுரை 2008இல் வெளியானது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு அதைச் செய்து காட்டியது. ஃபெரைட் கம்பிகளைச் சதுர அடுக்காக நட்டு, 0.20 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்து, சுமார் 4.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை அதன் விளிம்பில் அனுப்பினார்கள். குறுக்கே உலோகத் தடுப்பு வைத்தும் அலை அதைச் சுற்றிப் போய்விட்டது. காரணம் எளிது. காந்தப்புலம் காலமீட்சிச் சமச்சீரை (காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் அலை அதே விதியில் நடக்கும் தன்மையை) உடைத்துவிடுகிறது. அதனால் அந்த அதிர்வெண்ணில் பின்னோக்கிப் போக அந்த விளிம்பில் ஒரு நிலைகூட இல்லை. இல்லாத நிலைக்கு எந்தப் பழுதும் அலையைத் தள்ள முடியாது. பாதுகாப்பு என்ற சொல் அங்கே முழுப் பொருளோடு நிற்கிறது. அந்தக் கட்டுரையை இன்று படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் அங்கேகூட பொருள் உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றலை டோபாலஜி தடுப்பதில்லை. அப்புறம், இழை வழித் தொலைத்தொடர்பு நடக்கும் 1.55 மைக்ரான் அலைநீளத்துக்கு வந்தால் காந்த ஒளியியல் விளைவு மிகவும் பலவீனமாகிவிடுகிறது. அதனால்தான் துறை வேறு வழிகளைத் தேடியது: சிலிக்கானில் பின்னிய வளைய ஒத்ததிர்விகள் (ஒளி சுற்றிச் சுற்றி வரும் வளையங்கள்), கண்ணாடிக்குள் லேசரால் எழுதிய திருகு அலைவழிகள், ஒளியின் அதிர்வெண் வரைபடத்தில் வரும் இரு 'பள்ளத்தாக்கு'களை வேறுபடுத்திப் பயன்படுத்தும் பள்ளத்தாக்கு ஹால் வகைப் படிகங்கள். ஒவ்வொன்றும் அழகான யோசனை. ஆனால் வளையங்களிலும் பள்ளத்தாக்கு வகையிலும் காலமீட்சிச் சமச்சீர் உடையவில்லை. ஆகவே பின்னோக்கிப் போகும் நிலை அங்கே இருக்கத்தான் செய்கிறது. எலக்ட்ரானுக்கு அதன் அரைச் சுழற்சி (ஸ்பின் 1/2) ஒரு காவல் தருகிறது. ஃபோட்டானுக்கு அந்தக் காவல் கிடையாது. வளையத்தில் வலஞ்சுழியும் இடஞ்சுழியும்தான் சுழற்சிக்குப் பதிலாக நிற்கின்றன. வளையத்தின் சுவர் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் போதும், இரண்டும் கலந்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் குழு, சிலிக்கானில் செய்த பள்ளத்தாக்கு ஹால் அலைவழிகளில், ஒளி மெதுவாகச் செல்லும் பகுதியில் இழப்பை அளந்து 2023இல் வெளியிட்டது. தயாரிப்பில் தவிர்க்க முடியாமல் வரும் நுண்பழுதுகளால் ஏற்படும் பின்சிதறலிலிருந்து டோபாலஜி காத்ததற்கான அறிகுறியே அவர்களுக்குத் தென்படவில்லை. ஒளி போகும் வழியிலேயே தேங்கி நின்றது. இயற்பியலாளர் ஆண்டர்சன் சொன்ன அடைபடல்: ஒழுங்கற்ற பழுதுகளில் பட்டுச் சிதறி அலை ஓரிடத்திலேயே சிக்கிக்கொள்வது. அந்த அளவீட்டை விடவும் என்னை வருத்துவது வேறு. அதுவரை இந்த அலைவழிகளின் இழப்பை யாரும் அளக்கவே இல்லை என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். பாதுகாப்பு என்ற சொல் அளவீட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டிருக்கிறது.

இந்த அலைவழிகளால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. கூர்மையான திருப்பங்களில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகமும் ஒசாகா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த சில்லு ஒன்றில், பத்துத் திருப்பங்களைக் கடந்து டெராஹெர்ட்ஸ் அலை விநாடிக்கு 11 கிகாபிட் தகவலைக் கொண்டுபோனது (2020). அருமையான வேலை. ஆனால் அங்கே திருப்பம் படிகத்தின் கோணத்துக்கு இசைய அமைந்தது. தற்செயலாக வரும் சொரசொரப்பு அப்படிக் கோணம் பார்த்து வருவதில்லை. இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது சரியில்லை.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு உங்கள் துறையிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2018இல் வந்த டோபாலஜி லேசர் ஆய்வில், பத்துக்குப் பத்து வளைய அடுக்கை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தவில்லை. டோபாலஜி இல்லாத அடுக்கையும் செய்து, இரண்டின் செயல்திறனையும் ஒப்பிட்டார்கள். டோபாலஜி அடுக்கு முந்தியது. அந்த முடிவை நான் தயங்காமல் வகுப்பில் சொல்வேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பழுதைத் தாங்கும் என்று எழுதும்போது எந்தப் பழுது என்று அதே வரியில் எழுதுங்கள். எந்தச் சமச்சீர் உடைந்தால் காவல் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே சில்லில், அதே குழு வேகத்தில் (ஒளித் துடிப்பு நகரும் வேகத்தில்), சாதாரண அலைவழி ஒன்றின் இழப்பையும் அளந்து பக்கத்தில் வையுங்கள். கட்டுரையை மதிப்பிடும் இடத்தில் நீங்கள் இருந்தால், இந்த அளவீடு இல்லாததைத் திருப்பி அனுப்புங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தத் துறையின் வேரில் இருக்கும் வடிவியல் கட்டத்தை (அலையின் நிலை ஒரு சுற்று மாறித் தொடங்கிய நிலைக்கே திரும்பும்போது சேரும் கட்ட மாற்றத்தை), ஒளியின் முனைவாக்கத்தில் 1956இலேயே கண்டவர் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் இருந்த பஞ்சரத்தினம். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். இதே கட்டத்தைக் குவாண்டம் இயற்பியலில் பொதுவாக விளக்கிய பெர்ரியின் கட்டுரை வந்தது 1984இல். நம் பிள்ளைகளில் பலர் அவர் பெயரையே கேட்டதில்லை. சிதறாத ஒளி பற்றிய தலைப்புச் செய்திக்குத் தரும் இடத்தில் பாதியை அவருக்குத் தாருங்கள். மீதிப் பாதியில், சிலிக்கானில் ஒளி ஏன் இன்னும் சிதறுகிறது என்று விளக்குங்கள். ஆய்வுக்கு வரவிருக்கும் மாணவருக்கு அந்தக் கேள்விதான் வேலை தரும்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்