மீட்பு வேலைக்கு மடக்கு கத்தி வாங்குத ஆபீசர்மாருக்கு

ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

தாமிரபரணிக் கரையில உள்ள ஒரு ஊர்ல இருந்து எழுதுதேன். வெள்ளம்னா தண்ணிக்குள்ள எறங்குத பசங்கள்ல நானும் ஒருத்தன். மழைக்கு முன்னால எங்களுக்கு லைஃப் ஜாக்கெட், டார்ச், கயிறுன்னு வாங்கித் தாரீங்க, அதெல்லாம் நல்ல சாமான்தான், கத்தி மட்டும் பேருக்கு ஒண்ணு வருது.

2023 டிசம்பர் 17 ராத்திரி உங்களுக்கே தெரியும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிட்டு, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட சனங்க மாட்டிக்கிட்டாவ. எங்க தெருவுல ஒரு தொழுவத்துல ரெண்டு மாடு கழுத்தளவு தண்ணியில நிக்குது. நனைஞ்ச நைலான் கயிறு, மாடு இழுத்து இழுத்து முடிச்சு இறுகிப் போச்சு, அவுக்கவே முடியல. எனக்கு குடுத்திருந்த மடக்கு கத்திய எடுத்து அறுக்கேன், அதுல லாக்கே கிடையாது, ரெண்டாவது இழுப்புல மடங்கி என் வெரல்லயே எறங்கிட்டு, நாலு தையல். பக்கத்து வீட்டு ஆச்சி மாடியில இருந்து பல்லு வச்ச கருக்கருவாள நீட்டுனாவ, அது சரக்குனு அறுத்துட்டு. ஒரு மாடு கரையேறிச்சு. இன்னொண்ணு அதுக்குள்ள செத்துப் போய்ட்டு.

அதனாலதான் சொல்லுதேன், மொதல்ல லாக் பாருங்க. விரிச்சதும் டக்குனு பிடிக்கணும், அழுத்தி அறுத்தாலும் மடங்கக் கூடாது. கைப்பிடிக்குள்ள சேறு போனா அலகப் பிடிச்சு நிறுத்துத அந்த லாக் தகடு முழுசா வந்து உக்காராது, பாக்க லாக் ஆன மாதிரியே இருக்கும், அதான் ரொம்ப ஆபத்து, அதனால கைப்பிடி பின்பக்கம் தொறந்து இருக்கணும், தண்ணிய ஊத்துனா சேறு வெளிய போயிரணும். அலகு மூணு இஞ்ச் போதும், ஆனா கனமா இருக்கணும். பாதி அலகு கருக்கருவா மாதிரி பல்லு வச்சது, பாதி சாதா. முழுசும் பல்லு வேண்டாம், நம்மூர்ல சாணை பிடிக்கவர்ட்ட குடுத்தா பல்லையே தேச்சு விட்டுருவாரு. முனை மொட்டையா இருக்கட்டும், ஆள் நெஞ்சோட ஒட்டி இருக்குத சீட் பெல்ட்ட அறுக்கும்போது குத்திறக் கூடாதுல்லா. கொக்கி மாதிரி பெல்ட் கட்டர் அதுலயே இருந்தா இன்னும் நல்லது.

கண்ணாடி ஒடைக்க பின்னால ஒரு கூர் முனை வச்சு வரும், அது கார் சைடு கண்ணாடிக்குத்தான், முன் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்சு ஒட்டுனது, ஓட்டை விழுமே தவிர நொறுங்காது. இத எங்க பசங்கள்ல பாதிப் பேருக்கு யாரும் சொல்லித் தரல, கத்தி குடுக்கும்போது அதையும் சொல்லிக் குடுங்க.

கறுப்பு கைப்பிடி வேணவே வேணாம். சேத்துல விழுந்தா போச்சு. ஆரஞ்சுல வாங்குங்க, கயிறு கோக்க ஓட்டை இருக்கணும். துருப் பிடிக்காத ஸ்டீலா பாருங்க, இருந்தாலும் வெள்ளத்துல எறங்குனா வந்து நல்ல தண்ணியில கழுவி காயவச்சு தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடணும், தேங்காண்ணெய் விட்டா நாளாக நாளாக பிசுக்காயிரும்.

பல வேலை பாக்குத பாக்கெட் கத்தி, கத்தரி, திருப்புளி எல்லாம் வச்சது, பாக்க நல்லாத்தான் இருக்கு. ஒரு கையில ஆளப் பிடிச்சிருக்கும்போது அத நகத்தால நோண்டி விரிக்க முடியாது ஐயா. கட்டைவிரலால ஒரே தள்ளுல தொறக்கணும்.

ஆர்டர் போடுததுக்கு முன்னால ரெண்டு மூணு சாம்பிள் எடுத்துட்டு எங்க படித்துறைக்கு ஒரு தடவ வாங்க. நாங்க க்ளவுஸ் மாட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள நின்னு தொறந்து அறுத்துப் பாக்கோம். நனைஞ்ச மாட்டுக் கயித்த நாங்களே கொண்டு வாரோம்.