மத்தளமும் காலடியும் ஒன்றாய் விழ வைத்தவர்களுக்கு

அன்பானவர்களே,

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். வன்னிக் கூத்துகளின் பதிவுகளை நாங்கள் பியர்டியூப்பில், அதாவது சொந்தச் சேர்வரிலேயே காணொளித் தளம் நடத்த உதவும் திறந்த மென்பொருளில், ஏற்றி வருவது உங்களுக்குத் தெரியும். அவற்றைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை இரண்டு: "சுத்திக்கொண்டே நிக்குது", "சத்தம் ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம்." இப்போது இரண்டும் தீர்ந்துவிட்டன. அதற்காகத் தூக்கம் முழித்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி முள்ளியவளைத் தம்பிக்கு. கோவலன் கூத்தை விடிய விடியப் போனில் எடுத்திருந்தோம். தொடக்கத்தில் எல்லாம் சரி. நேரம் போகப் போகக் காலடி முந்தி விழும், மத்தள அடி பிந்தி வரும். நான் சேர்வரைத்தான் சந்தேகப்பட்டேன். தம்பி இரண்டு இரவு குந்தியிருந்து பார்த்துவிட்டு, "அண்ணை, பிழை பியர்டியூப்பில இல்லை, மூலக் கோப்பைப் பாருங்கோ" என்றார். வெளிச்சம் குறைந்த இடங்களில் போன் நொடிக்கு 30 படம் எடுப்பதை விட்டுத் தானாகவே குறைத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் வெட்டி ஒட்டிய மென்பொருளோ முழுவதையும் 30 என்றே கணக்குப் போட்டிருக்கிறது. தம்பி ஒவ்வொரு படத்தின் நேரக்குறியையும் எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மாற்றும் மென்பொருள் கொண்டு வாசித்து, இடைவெளி விழுந்த இடத்தில் முந்திய படத்தையே திரும்ப வைத்து, நிலையான 30 ஆக்கிய பிறகுதான் வெட்டவே விட்டார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஒழுங்கு.

அடுத்தது டொரொன்ரோவில் இருக்கும் தங்கச்சி. எங்கள் சேர்வர் சின்னது. ஒரு இரவுக் கூத்தை, பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்ப 720, 480, 240 என்று மூன்று பட அளவில் மாற்றத் தொடங்கினால் நாட்கணக்கில் மூச்சு வாங்கும். பார்க்க வருகிறவர்களுக்கும் எல்லாம் இறுகிவிடும். 2023 இல் வந்த பியர்டியூப் 5.2 பதிப்பிலிருந்து இந்த வேலையை வேறொரு கணினியிடம் ஒப்படைக்கலாம் என்பதைக் கண்டுபிடித்து, தன் வீட்டுக் கணினியையே அதற்கு விட்டவர் அவர். இருட்டில் எடுத்த படத்தில் மணல் மணலாகப் புள்ளி துள்ளும். மாற்றும் மென்பொருள் அதையும் அசைவென்று எண்ணுவதால் கோப்பு ஊதிப் பெருக்கும். அவர் அதை மெல்லத்தான் துடைத்தார். கூடத் துடைத்தால் உடுப்பின் மணிவேலையும் சேர்ந்து மெழுகுப்பட்டுவிடும் என்று ஒரே காட்சியை ஏழு தரம் மாற்றிப் பார்த்த பொறுமையை என்ன சொல்லிப் பாராட்டுவது?

ஒட்டுசுட்டான் அக்கா தன் பழைய போனில் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துச் சொன்னார். "தம்பி, வேலை செய்யேக்க பாட்டு மட்டும் கேட்டால் போதும்" என்று அவர் கேட்டபடியால்தான் ஒலி மட்டும் தரும் தெரிவையும் திறந்துவிட்டோம். அவருக்கு டேற்றாவும் மிச்சம்.

புதுக்குடியிருப்பு ஐயாவை மறக்க முடியாது. 2009 இல் இடம்பெயர்ந்த வழி எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போன ஒரு ஒளிநாடாவை எங்கள் கையில் நம்பித் தந்தார். பழைய நாடாக்களில் ஒரு படம் இரண்டு பாதி வரிகளாகப் பின்னிக் கிடக்கும். அப்படியே ஏற்றினால் சுழன்றாடும் கால்கள் சீப்புப் பல் போலக் கிழிந்து தெரியும். அந்தப் பாதிகளைப் பிரித்து நொடிக்கு 50 படமாக்கியதும் தம்பிதான்.

பியர்டியூப்பை உருவாக்கிய பிரான்சின் ஃபிராமாசொஃப்ட் அமைப்புக்கும், 2000 ஆம் ஆண்டிலிருந்து எஃப்எஃப்எம்பெக்கை வளர்த்து வருகிறவர்களுக்கும் எங்கள் ஊர் எங்கே என்றே தெரியாது. ஆனாலும் அவர்கள் திறந்து வைத்த மூலநிரல் இல்லாவிட்டால் இதில் எதையும் எங்களால் செய்திருக்க முடியாது. அவர்களுக்கும் மனதார நன்றி.

போன கிழமை திருத்திய பதிவை, கூத்தைப் பழக்கி மத்தளமும் அடித்த அண்ணாவியாருக்குக் காட்டினோம். முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே பார்த்தவர், ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எனக்குப் பக்கென்றது. திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது மெசின் இல்லை. இதில நான்தான் ஒரு அடி விட்டிட்டன்."

நன்றியுடன்,
கிளிநொச்சியிலிருந்து