சைபீரியாவும் சுங்கை சிப்புட்டும்

அன்புள்ள மாலதிக்கு,

வின்னிபெக்கில் மைனஸ் முப்பது என்று எழுதியிருக்கிறாய். எப்படித்தான் இருக்கிறீர்களோ! இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டால் புழுக்கம், வழக்கம்போல.

நீ புலனத்தில் அனுப்பிய வெந்நீர்க் காணொளியை வகுப்பு ஸ்மார்ட் டிவியில் போட்டுக் காட்டினேன். வீசிய வெந்நீர் பொடிப் பொடித் துளியாகி, அந்தரத்திலேயே ஆவியாகி உறைந்து வெண்புகையாய்ப் போகிறதே, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒருவரும் நம்பவில்லை. "டீச்சர், இது ஏஐ!" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். திரையில் கண்டதையெல்லாம் நம்பாத பிள்ளைகள் என்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

சரி, கண்ணெதிரே செய்துவிடுவோம் என்று காலி மைலோ டின் ஒன்றை எடுத்தேன். நொறுக்கிய ஐஸ், நிறைய உப்பு, நடுவே டிஜிட்டல் வெப்பமானி. உப்பு பட்ட ஐஸ் சுழியத்துக்குக் கீழேயும் உருகும். உருகத் தேவையான வெப்பத்தை அந்தக் கலவையே இழப்பதால் குளிர் இறங்கிக்கொண்டே போகும். மைனஸ் பத்தைத் தாண்டியதும் சத்தம் அடங்கிவிட்டது. டின்னுக்கு வெளியே வெள்ளையாய் உறைபனி! "டின் ஓட்டையா டீச்சர்?" என்றான் ஒருவன். இல்லையடா, நீ மூச்சுவிடும் இந்தக் காற்றில் இருந்த ஈரம்தான் என்றேன். யூஎஸ்பி நுண்ணோக்கியை அருகில் வைத்ததும் டிவியில் முள் முள்ளாய்ப் படிகங்கள். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

ஆனால் நான் சொல்ல நினைத்தது வேறு. நாம் படித்த காலத்தில் குளிர்காலம் என்றால் வெளிநாட்டுச் சங்கதி, இல்லையா? நேரலைக் காற்று வரைபடத்தைத் திறந்துபார், அது நம் சங்கதியும்தான். சைபீரியாவில் குளிர்ந்து கனத்த காற்று தெற்கே வழிந்து சீனாவைக் கடக்கிறது. தென்சீனக் கடல்மேல் வரும்போது சூடேறி, ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் மலேசியாவின் கிழக்குக் கரையில் கொட்டுகிறது. 2014 டிசம்பரில் அந்தக் கரையிலுள்ள கிளந்தான் மாநிலத்தை மூழ்கடித்தது இந்த வடகிழக்குப் பருவக்காற்றின் மழைதான். "அப்போ நமக்கு ஏன் அவ்வளவு மழை இல்லை?" என்று பின்வரிசைப் பெண் கேட்டாள். நமக்கும் கிழக்குக் கரைக்கும் நடுவே நின்று அந்த மழையைத் தடுக்கும் திதிவங்சா மலைத்தொடரை வரைபடத்தில் அவளையே தேடச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்டாள்.

இப்போது உனக்கு ஒரு வேலை. அடுத்து பனி விழும்போது கறுப்புக் கம்பளித் துணியில் பிடித்து, கைப்பேசியில் நெருக்கமாக எடுத்து அனுப்பு. மைனஸ் பதினைந்தை ஒட்டி நட்சத்திரம், மைனஸ் ஐந்தை ஒட்டி ஊசி என்று வெப்பநிலைக்கேற்ப வடிவம் மாறுவதைப் பிள்ளைகள் சரிபார்க்க வேண்டுமாம். மேகத்துக்குள் உள்ள வெப்பநிலை வேறு, தரையில் வேறு என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் வெப்பமானியும் படத்தில் தெரியட்டும். இல்லாவிட்டால் மறுபடியும் ஏஐ என்பார்கள்.

அன்புடன்,
தேவி
சுங்கை சிப்புட்